பென்குயினைக் காப்பாற்றிய கோழிக்காவல் நாய்! நரி ஏன் கிட்டேயே வரவில்லை?

[திரையில்: இருட்டு. அலைச் சத்தம். பாறைமேல் ஒரு வெள்ளை உருவம்.]

அந்த வெள்ளை உருவத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது நாய். படுத்திருப்பது ஒரு குட்டித் தீவில். அதற்குக் கொடுத்திருக்கும் வேலை, பென்குயின்களுக்குக் காவல் இருப்பது. கதை விடவில்லை, நிஜம்தான். இந்த வேலைக்கு நாயைச் சிபாரிசு செய்தவர் யார் தெரியுமா? ஒரு கோழிப்பண்ணைக்காரர்!

வணக்கம். திறந்தவெளியில் மேயும் கோழிகளை நரி, கீரி, பருந்து இவற்றிடமிருந்து நாயை வைத்துக் காப்பாற்ற முடியுமா? இதுதான் இன்றைய வீடியோ. “நாயே கோழியைத் தின்றுவிடுமே” என்று இப்போதே கமெண்ட் அடிக்கக் கையை எடுத்துவிட்டீர்கள் இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதிக்கு வருகிறேன்.

முன்கதையை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். இத்தாலியின் மரெம்மா, பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லை மலைகளின் கிரேட் பிரனீஸ், துருக்கியின் கங்கால், ஹங்கேரியின் கொமொண்டோர். எல்லாம் ஓநாயிடமிருந்து ஆடுகளைக் காக்க வளர்த்த நாய் இனங்கள். இவை ஆட்டை ஓட்டாது, மடக்காது. ஆட்டோடு ஆடாகப் படுத்துக் கிடக்கும். அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்த இனங்களில் பல ஏன் வெள்ளையாக இருக்கின்றன? கொலுமெல்லா என்ற ரோமானியர் முதலாம் நூற்றாண்டில் விவசாயம் பற்றி எழுதும்போதே இதைச் சொல்லிவிட்டார். வீட்டைக் காக்கிற நாய் கறுப்பாக இருக்கட்டும், திருடன் பயப்படுவான். ஆட்டைக் காக்கிற நாய் வெள்ளையாக இருக்கட்டும், அரையிருட்டில் ஓநாய் என்று நினைத்து மேய்ப்பவன் தன் நாயையே அடித்துவிடக் கூடாது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய டிப்ஸ் வீடியோ என்றே வைத்துக்கொள்ளுங்கள்!

[திரையில்: கரைக்கும் தீவுக்கும் நடுவே ஒடுங்கிய நீர்ப்பரப்பு.]

சரி, பென்குயினுக்கு வருவோம். இடம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், வார்னம்பூல் என்ற கடலோர ஊர். கரையை ஒட்டி மிடில் ஐலண்ட் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே இருப்பவை உலகிலேயே மிகச் சிறிய பென்குயின்கள். உயரம் ஓரடிக்குச் சற்று மேல், எடை ஒரு கிலோ சுமார். நம் கோழியைவிட இளைத்த பார்ட்டி. அதற்கும் பறக்கத் தெரியாது.

நரிக்கு இதைவிட என்ன வேண்டும்? தண்ணீர் வற்றும் நேரத்தில் கரையிலிருந்து தீவுக்குப் பொடிநடையாகப் போய்விடலாம். நூற்றுக்கணக்கில் இருந்த பென்குயின்கள் 2005 வாக்கில் எண்ணிப் பார்த்தால் பத்துகூடத் தேறவில்லை. ஒரு நரிக்கு அத்தனை பசியா என்று கேட்கலாம். பசியே இல்லை. தப்பி ஓட முடியாத இரை கண்முன்னே படபடத்துக்கொண்டே இருந்தால், வயிறு நிறைந்த பிறகும் நரியின் வாய் நிற்பதில்லை. கோழிக்கூண்டுக்குள் ஒரே ஒரு நரி நுழைந்த மறுநாள் காலை, ஒன்றுகூடத் தின்னப்படாமல் எல்லாம் செத்துக் கிடப்பது இதனால்தான்.

அப்போதுதான் ஸ்வாம்பி மார்ஷ் என்ற விவசாயி சொன்னார், “என் கோழிகளை மரெம்மா நாய்தான் காக்கிறது, அதையே தீவில் விட்டுப் பாருங்களேன்” என்று. யோசித்தால் சிரிப்பு வரும், ஆனால் கணக்குச் சரி. பறக்காத பறவை, நரி, திறந்தவெளி. கோழிக்குப் பதில் பென்குயின், அவ்வளவுதானே வித்தியாசம்? 2006இல் ஆட்பால் என்ற அவருடைய பெண் நாய் தீவுக்குப் போனது. பின்னால் வந்த இரண்டு நாய்களுக்கு வைத்த பெயர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. யூடி, டூலா. அந்தப் பென்குயினின் அறிவியல் பெயரில் முதல் சொல் யூடிப்டூலா. அதை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டார்கள்!

பென்குயின் எண்ணிக்கை மெல்ல ஏறி நூறைத் தாண்டியது. இதற்காக நாய்கள் நரியோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டதாக நினைத்தீர்களா? கிடையாது. அங்கங்கே சிறுநீர் விட்டன, குரைத்தன, சுற்றி வந்தன. பெரிய நாயின் வாடையும் சத்தமும் இருக்கிற இடத்தில், காயம் பட்டாவது சாப்பிட வேண்டும் என்ற அவசியம் நரிக்கு இல்லை. வேறு பக்கம் போய்விடும்.

இதற்கு எதிர்ச்சாட்சியும் அதே தீவில் உண்டு. 2017இல் கடல் கொந்தளிப்பு. நாய்களைத் தீவுக்குக் கூட்டிப்போக முடியவில்லை. நரி புகுந்து கொன்று குவித்துவிட்டது. நாய் அங்கே இருப்பதுதான் வேலையே. வாரத்துக்கு நாலு நாள் காவல், மூன்று நாள் வீட்டுத் திண்ணை என்றால் நரிக்கு அந்த அட்டவணை தெரிந்துவிடும்.

[திரையில்: வேலிக்கு அந்தப் பக்கம் கோழிகள், இந்தப் பக்கம் நாய்க்குட்டி.]

இப்போது நீங்கள் சொன்ன அந்தப் பாதி. நாய் ஏன் கோழியைத் தின்னாது?

ரேமண்ட் காப்பிங்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு அருமையான விளக்கம் தந்தார். வேட்டை என்பது ஒரே செயல் இல்லை, ஒரு சங்கிலி. முறைப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது. பார்டர் கோலி மாதிரி ஆடு ஓட்டும் நாய்களிடம் முறைப்பதும் பதுங்குவதும் தூக்கலாக இருக்கும், கொல்வது மங்கியிருக்கும். காவல் நாயிடமோ அந்தச் சங்கிலி மொத்தமுமே தூங்கிக் கிடக்கும். நாம் காசு கொடுத்து வாங்குவது வீரத்தை இல்லை, அந்தத் தூக்கத்தை!

ஆனால் ஒரு சிக்கல். இந்தத் தூக்கம் ஆட்டைப் பார்த்துப் பழகியது. ஆடு நின்று முட்டும், குட்டி நாய்க்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும். கோழி என்ன செய்யும்? சிறகடித்து, கத்தி, ஓடும். எட்டு மாத நாய்க்குட்டிக்கு அது உயிருள்ள பந்து. முன்னங்கால்களைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, வா விளையாடலாம் என்று கூப்பிடும். கோழி ஓடும். குட்டி எட்டிப் பிடித்து ஒரு பாதத்தை மேலே வைக்கும். நக்கும், இறகைப் பிய்க்கும். கொஞ்ச நேரத்தில் பந்து அசையாது. வாலாட்டிக்கொண்டு மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்க்கும், ஏன் எழுந்து ஓடவில்லை என்று. அதில் கொலைவெறி துளியும் இல்லை. ஆனால் கோழி போனது போனதுதான்.

அதனால் என் கறாரான கருத்து: முதல் ஒன்றரை, இரண்டு வருடம் நரியைவிட ஆபத்தான பிராணி உங்கள் காவல் நாய்தான். அதுவரை தனியே விடாதீர்கள். குட்டியாக இருக்கும்போதே, நான்கு மாதம் ஆவதற்குள், கோழிகளின் சத்தமும் வாடையும் அதற்கு வீடாகிவிட வேண்டும். வேலிக்கு மறுபக்கம் வைத்து வளர்க்கலாம். தீனி போடும்போது நீளக் கயிற்றில் கட்டிக் கூடவே கூட்டிப்போங்கள். துரத்த நினைக்கும் நொடியில், துரத்திய பிறகு இல்லை, ஒரு அதட்டல். கோழியைப் பார்த்துக் கொட்டாவி விட்டுப் படுத்துக்கொண்டால், அன்றைக்குப் பாராட்டுங்கள். பழகிய பெரிய நாய் ஒன்று பக்கத்தில் இருந்தால் பாதி வேலை மிச்சம். செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிடுகிற பழைய வைத்தியம் ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். நாய்க்கு அதில் நாற்றம்தான் மிச்சம், பாடம் இல்லை.

பருந்து? சில நாய்கள் வானத்தைப் பார்த்துக் குரைத்தபடியே நிழலைத் துரத்தும், பார்க்கவே அழகு. சில நாய்கள் தலையைக்கூடத் தூக்காது. அதை நம்பிக் குஞ்சுகளை வெட்டவெளியில் விடாதீர்கள். புதர், பந்தல் ஏதாவது இருக்கட்டும். இரவில் கோழி கூண்டுக்குள், கதவு பூட்டி. நாய் இருக்கிறதே என்று கதவைத் திறந்துபோடுகிறவர்களுக்கு இந்த வீடியோ உதவாது.

வேலி இல்லாத இடமா? வேண்டவே வேண்டாம். காவல் எல்லை எது என்று முடிவு செய்வது அந்த நாய்தான். விட்டால் பக்கத்து நிலம், அதற்கும் பக்கத்து நிலம் என்று பட்டா போட்டுக்கொண்டே போகும். ராத்திரி முழுக்கக் குரைக்கும், குரைப்பதுதான் சம்பளத்துக்குச் செய்கிற வேலை. சுவரை ஒட்டி வீடுகள் இருக்கிற இடத்தில் பத்துக் கோழிக்காக இதை வாங்கினால், நரியிடமிருந்து தப்பிவிடலாம், அக்கம்பக்கத்தாரிடமிருந்து முடியாது. கோழி கொஞ்சம்தான் என்றால் மின்வேலி வலையும் நல்ல கூண்டுமே போதும்.

கடைசியாக ஒன்று. எல்லாப் பரீட்சையிலும் பாஸான நாய்கூட முட்டையைப் பார்த்தால் வழுக்கிவிடும். கோழியைத் தொடாது, ஆனால் கோழி கொக்கரித்ததும் முதல் ஆளாகப் போய் நிற்கும். நரிக்குப் பயந்து நாய் வாங்கினோம், இப்போது நாய்க்குப் பயந்து முட்டையிடும் பெட்டியை உயரத்தில் மாட்ட வேண்டும். உங்கள் நாய் முட்டைத் திருடுவதை நிறுத்த ஏதாவது வழி கண்டுபிடித்திருந்தால் கமெண்டில் எழுதுங்கள். சப்ஸ்கிரைப் எல்லாம் அப்புறம், முதலில் அதைச் சொல்லுங்கள்!

[திரையில்: கூண்டு வாசலில் நாய். மூக்கு நுனியில் மஞ்சள் கரு.]