காசு வேண்டாம், அனுபவம் போதும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் 22 வருடமாகச் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காவடி நோட்டீஸ், கருமாதிக் கார்டு, கடைக்காரர்களுக்கு பில் புக், இதுதான் எங்கள் பிழைப்பு. என்னையும் சேர்த்து நான்கு பேர். என்னைப் போலச் சிறுதொழில் செய்கிறவர்களிடம் ஒரு விஷயம் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். வேலை பழக வரும் மாணவர்களைச் சம்பளம் இல்லாமல் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் வைத்துக்கொண்டேன். அதனால்தான் சொல்கிறேன்.

2019 மார்ச் மாதம். டர்பனுக்கு வடக்கே இருக்கும் ஃபீனிக்ஸிலிருந்து ஓர் ஆயா, பேத்தியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அந்தப் பெண் தொழிற்கல்லூரியில் கடைசி நிலைப் பரீட்சையான என்-6 பாஸாகியிருந்தாள். ஆனால் பரீட்சை பாஸானால் மட்டும் டிப்ளமா கைக்கு வராது. 18 மாதம் ஓரிடத்தில் வேலை பழகி, லாக் புக்கில் கையெழுத்து வாங்கிக் காட்ட வேண்டும். அந்தக் கையெழுத்துக்காக எத்தனையோ கடைப் படி ஏறி இறங்கியிருக்கிறார்கள். "காசு ஒண்ணும் வேண்டாம்மா, பிள்ளைக்கு அனுபவம் கிடைச்சாப் போதும்" என்றார் ஆயா.

புனித வெள்ளிக்கு ஆறேழு வாரம்தான் இருந்தது. மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயில் திருவிழா அந்தச் சமயத்தில்தான் நடக்கும், அது நெருங்கினால் எங்களுக்கு வேலை குவியும். சரி என்றேன். ஓர் ஏழைக் குடும்பத்துக்கு உதவி செய்கிறேன் என்றே மனதார நம்பினேன்.

காலை எட்டு மணிக்கு வந்துவிடுவாள். நோட்டீஸ் மடிப்பாள், போன் எடுப்பாள், பார்சல் கட்டுவாள், ரசீது போடுவாள். மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்காரும்போது மட்டும் குழாயில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வெளியே போய்விடுவாள். கேட்டால், "விரதம், ஆன்ட்டி." செவ்வாயும் வெள்ளியும் விரதம் இருப்பது நம் வீடுகளில் வழக்கம்தானே, நானும் விட்டுவிட்டேன். ஒரு புதன்கிழமையும் விரதம் என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஃபீனிக்ஸிலிருந்து டர்பன் டவுனுக்கு ஒரு மினிபஸ் டாக்சி, டவுனிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு இன்னொன்று. போக வர ஒரு நாளைக்கு நான்கு டாக்சி. ஆயாவின் பென்ஷனில் டாக்சிக்குக் கொடுத்தது போக, சாப்பாட்டுக்கு மிச்சம் இல்லை.

அதே வாரம்தான் அவள் என் மானத்தைக் காப்பாற்றினாள். 2,000 நோட்டீஸ் மெஷினில் ஏறப்போகிற நேரம். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, நம் பிள்ளைகள் பலரையும் போல. போன வருடத்து நோட்டீஸைப் பக்கத்தில் வைத்து, எழுத்தின் உருவத்தை மட்டும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். "ஆன்ட்டி, பழசுல இந்த எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி இருக்கு, இதுல இல்லையே" என்றாள். பார்த்தால், மாரியம்மனில் ஒரு 'ம்' புள்ளி இல்லாமல் நிற்கிறது. புரூஃப் பார்த்தது நான்தான். என் கண்ணுக்குப் படவில்லை. அச்சாகியிருந்தால் அத்தனை காகிதமும் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

பசியோடு நின்றுகொண்டு அந்தப் பெண் என் நஷ்டத்தைத் தடுத்திருக்கிறாள். இதை அனுபவம் என்று சொல்லி நான் எப்படித் தட்டிக்கழிப்பது?

எங்கள் கணக்கைப் பார்க்கும் அம்மாவிடம் கேட்டேன். அவர் சட்டத்தை எடுத்து வைத்தார். 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம், தர்ம காரியம் செய்கிற அமைப்பில் சம்பளமில்லாமல் தொண்டு செய்கிறவர்களைத்தான் விலக்கி வைக்கிறது. கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்குவது தொண்டு. லாபத்துக்கு நடக்கிற என் அச்சகத்தில் நோட்டீஸ் மடிப்பது தொண்டு ஆகாது. தொழில் பழகுகிறவர்களும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறார்கள், வேறு சட்டம் அவர்களுக்குத் தனி விதி வைத்திருந்தால் ஒழிய. குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 20 ராண்ட் என்று, 2019 ஜனவரி 1ஆம் தேதிதான் அமலுக்கு வந்திருந்தது. 2025 மார்ச்சில் அது 28 ராண்ட் 79 சென்ட் ஆனது.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் கடையில் கட்டிங் மெஷின் இருக்கிறது. ஒரு ரீம் தாளை ஒரே இறக்கில் வெட்டும். சம்பளப் பட்டியலிலேயே பெயர் இல்லாத பிள்ளையின் விரல் போனால், வேலை விபத்து நஷ்டஈட்டுக்கு எதைக் காட்டிக் கேட்பேன்?

நம் முன்னோரை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறைக்கு வந்தது. ஒப்பந்த வேலை, முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங். கரும்புத் தோட்டத்தில் அவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். அந்த ஒப்பந்தத்தில்கூட ஒரு கூலி இருந்தது. நான் இந்தப் பிள்ளைக்கு எதுவுமே எழுதவில்லை.

"எனக்கே மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது, எங்கே கொடுப்பது?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். என் பதில், நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். 2025ஆம் வருடக் கணக்கில் வாரம் 20 மணி நேரத்துக்கு 575 ராண்ட் 80 சென்ட். குறைந்த சம்பளக்காரரை ஒரு மணி நேரத்துக்குக் கூப்பிட்டாலும் நான்கு மணி நேரக் கூலி கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அதனால் அரை நாளாகவே கூப்பிடுங்கள். எத்தனை மணி நேரத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்று கல்லூரியிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களை வேலைக்கு வைத்தால் 2014இலிருந்து ஒரு வரிச் சலுகை இருக்கிறது. ஊழியர் வரிக்குப் பதிவு செய்திருந்தால், சம்பளத்தைப் பொறுத்து, முதல் 12 மாதம் மாதத்துக்கு 1,500 ராண்ட் வரை கழித்துக்கொள்ளலாம். அதற்கும் ஒழுங்கான கூலி கொடுத்திருக்க வேண்டும். உதவித்தொகைக்கு உங்கள் தொழிலுக்குரிய செட்டாவையும், அதாவது தொழில் பயிற்சிக்கான அரசு அமைப்பையும், கேட்டுப் பாருங்கள். மனு போட்டுக் காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

அதுவும் முடியவில்லையா? ஆயா வந்து கேட்கும்போது முடியாது என்று சொல்லிவிடுங்கள். அவர் வேறு கடைக்காவது போவார்.

அந்தப் பெண்ணின் பாக்கியைக் கணக்குப் போட்டோம். ஆறு வாரம், 30 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். நடுவில் மார்ச் 21 அரசு விடுமுறை வந்தது, அதற்கும் கூலி உண்டு என்றார் கணக்கு அம்மா. மொத்தம் 4,800 ராண்ட். ஒரே தடவையில் கொடுக்க என்னிடம் இல்லை. மூன்று தவணையாகக் கொடுத்தேன். கவரை நீட்டியபோது, "ஆயா காசு வேண்டாம்னு சொன்னாங்களே, ஆன்ட்டி" என்று தயங்கினாள். "ஆயாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ வாங்கிக்கோ" என்றேன்.

முதல் தவணை கொடுத்தது ஒரு புதன்கிழமை. மத்தியானம் பக்கத்துக் கடையில் பன்னி சௌ, அதாவது கால் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பியது, வாங்கி வந்து, எங்களோடு மேஜையில் உட்கார்ந்தாள்.

நன்றி, வணக்கம்.