பஸ்ஸில் கைமாறும் காசு

வணக்கம் நேயர்களே. காலை ஒன்பது மணிக்கு டவுன் பஸ்ஸில் ஏறுகிறோம். கால் வைக்க இடமில்லை. கண்டக்டர் எங்கோ பின்னால் இருக்கிறார். பக்கத்தில் நிற்பவரிடம் ஐம்பது ரூபாய்த் தாளைக் கொடுத்து, ‘ஒரு பஸ் ஸ்டாண்டு’ என்கிறோம். அது ஏழெட்டுக் கை மாறிப் போகிறது. கொஞ்ச நேரத்தில் டிக்கெட்டும் அதில் சுருட்டிய நோட்டும் சில்லறையும் அதே வழியாக, வியர்வை ஈரத்தோடு திரும்பி வருகின்றன. நடுவில் ஒரு பத்து ரூபாய் குறைந்தால் யார் எடுத்தார் என்று சொல்லவே முடியாது. ஆனாலும் எனக்கு ஒருநாளும் குறைந்ததில்லை.

சரி, பஸ்ஸில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். யாருமே கவனிக்காதபோது?

2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இந்தியா உட்பட 40 நாடுகளில், 355 நகரங்களில் 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்களை வைத்துச் செய்தது. ஆய்வுக் குழுவினர் வங்கி, தபால் நிலையம், ஹோட்டல் கவுண்டரில் இருப்பவரிடம், ‘தெருவில் கிடந்தது, எனக்கு அவசரம், நீங்க பாத்துக்கோங்க’ என்று கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே உரியவரின் விசிட்டிங் கார்டு, கையால் எழுதிய மளிகைச் சீட்டு, ஒரு சாவி. சிலவற்றில் பணமும் இருக்கும். பணமில்லாத பர்ஸுக்கு நூற்றில் 40 பேர் உரியவருக்குத் தகவல் அனுப்பினார்கள். பணம் இருந்தால் 51 பேர்! அமெரிக்கா, பிரிட்டன், போலந்தில் இன்னும் பெரிய தொகையை வைத்துப் பார்த்தார்கள், 72 ஆனது.

என்னை உலுக்கியது அந்தச் சாவிதான். எடுத்தவருக்கு அதனால் காலணா பயனில்லை. தொலைத்தவரோ பூட்டிய வீட்டு வாசலில் நிற்பார். சாவி இல்லாமலும் சில பர்ஸ்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாவி இருந்த பர்ஸ்கள் சாவி இல்லாதவற்றைவிட அதிகமாகத் திரும்பின. வாசலில் நிற்கும் அந்த மனிதரை யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு முகம் மனதில் வராத இடத்தில்தான் நாம் வழுக்குகிறோம் என்பது என் எண்ணம். நியூயார்க்கில் ஐ.நா. தூதர்களின் கார்களுக்கு 1997 முதல் 2002 வரை விதித்த பார்க்கிங் அபராதங்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டப்படவே இல்லை. நம்பர் பிளேட்டைப் பறிக்கும் அதிகாரம் நகராட்சிக்கு வந்ததும் மீறல்கள் மளமளவென்று குறைந்தன. பெரிய படிப்பு படித்தவர்கள்தான் அவர்களும். நகராட்சிக்கு ஏது முகம்?

நேற்று பஸ்ஸில் ஒரு பாட்டி என் மீதிச் சில்லறையை நீட்டினார். கையை உடனே விடவில்லை. ‘சரியா இருக்கா, எண்ணிப் பாத்துக்கோ கண்ணு’ என்றார்.