பூட்டன் எங்க பிறந்தவர்?

(கொழும்பு வெள்ளவத்தையில ஒரு வாசகர் கூட்டத்தில பேசினது. ரெக்கோர்டிங்கைக் கேட்டு, பேசின மாதிரியே டைப் பண்ணியிருக்கிறன்.)

எல்லாருக்கும் வணக்கம். தம்பி, அந்த ஃபானைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ, கடதாசியெல்லாம் பறக்குது.

என்னை அறிமுகப்படுத்தேக்க ஆய்வாளர் எண்டு சொல்லிப்போட்டினம். அப்பிடியெல்லாம் இல்லை. நான் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், அதாவது வெளிநாடு போற ஆக்களின்ர பிறப்புப் பத்திரம், கலியாணப் பத்திரம், மரணப் பத்திரம் எல்லாத்தையும் இங்கிலீசுக்கு மாத்தி சீல் குத்திக் குடுக்கிற ஆள். முப்பது வருஷத்துக்கு மேல இதுதான் வேலை. ஒரே போமை, அதாவது படிவத்தை, திரும்பத் திரும்பப் பாத்துக்கொண்டிருந்தா ஒருநாள் யோசனை வரும் பாருங்கோ, இந்தப் போம் ஏன் இதைக் கேக்குது எண்டு. இண்டைக்கு கதைக்கப் போறது அதைத்தான்.

பிள்ளையின்ர பேர், பிறந்த திகதி, இடம், தாய் தகப்பன் விபரம், இதெல்லாம் எந்த நாட்டுப் பிறப்புப் பத்திரத்திலயும் இருக்கும். நான் மொழிபெயர்த்த எங்கட பத்திரங்களில இன்னும் ரெண்டு கூடு, அதாவது நிரப்பிற கட்டம், இருக்கு. ஒண்டு, பாட்டன் இலங்கையில பிறந்தவரெண்டால் அவற்ற முழுப்பேர், பிறந்த வருஷம், இடம். மற்றது, தகப்பன் இலங்கையில பிறக்காம பூட்டன், அதாவது பாட்டன்ர தகப்பன், இலங்கையில பிறந்தவரெண்டால் அவற்ற பேர், வருஷம், இடம். பிறந்து ரெண்டு கிழமையான பிள்ளை, கண்ணே சரியாத் திறக்கேல்லை, அதிட்டப் போய் உன்ர பூட்டன் எங்க பிறந்தவர் எண்டு கேக்குது போம். இதைப் பற்றிப் பிறகு வாறன், மறந்தா ஞாபகப்படுத்துங்கோ.

முதல்ல ஒரு கேள்வி. ஒருத்தர் ஏன் போய்ப் பதியிறார்? அரசாங்கம் கேட்டா எண்டு ஒருத்தரும் வேலைய விட்டுட்டுப் போக மாட்டினம். பதிஞ்சா ஏதாவது கிடைக்கோணும், இல்லாட்டிப் பதியாட்டி ஏதாவது போகோணும். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு தெரியும்தானே, பதிவேடு எண்டு அர்த்தம், போர்த்துக்கேயச் சொல்லு, எங்கட காணி உறுதிகளிலயும் வாற சொல்லு. அதில ஆக்களின்ர தோம்பு, காணித் தோம்பு எண்டு இருந்தது. வீட்டில ஆர் ஆர், என்ன வயசு, என்ன சாதி, அரசாங்கத்துக்கு என்ன ஊழியம் செய்யோணும், எவ்வளவு காணி, எத்தனை தென்னை. சனத்தொகை ஆராய்ச்சிக்கு இல்லை, வரியும் வேலையும் வாங்கத்தான். இதைவிட பள்ளிக்கூடத் தோம்பு எண்டு இன்னொண்டு. ஞானஸ்நானமும் கலியாணமும் அதிலதான் எழுதினவை, எழுதினது பள்ளிக்கூட வாத்தியார். இதில விஷயம் என்னெண்டா, நீங்கள் அப்பன்ர சொத்துக்கு உரிமை காட்டோணுமெண்டா அதில பேர் இருந்தா நல்லம். அதால வீட்டில வேற சாமியக் கும்பிட்டுக்கொண்டு, பேர் எழுதுறதுக்காகவே கிறிஸ்தவக் கோயிலுக்குப் போய் தண்ணி தெளிச்சுக்கொண்டு வந்த சனம் இருந்தது. இப்ப அந்த ஏட்டைப் பாத்து இந்த ஊரில இத்தனை கிறிஸ்தவர் எண்டு கணக்குச் சொன்னா, அது பக்திக் கணக்கோ சொத்துக் கணக்கோ?

இங்கிலீஸ்காரர் 1796-ல கொழும்புக்கு வந்தவை. ஒழுங்கான சிவில் பதிவு தொடங்கினது 1867-ல, கட்டாயமாக்கினது 1897-ல. முதலாவது நவீன சென்சஸ் 1871 மார்ச் 27, நாடு முழுக்க 24 லட்சத்துச் சொச்சம் பேர். (இதில ஒரு சின்னப் பகிடி, 1867 சித்திரையில தொடங்கின தமிழ் வருஷம் பிரபவ, அறுபது வருஷ வட்டத்தில முதலாவது. வெள்ளைக்காரன் நாள் பாத்துத் தொடங்கேல்லை, தற்செயல்தான்.)

இப்ப கொழும்புக்கு வருவம். இது துறைமுகப் பட்டினம், அதை மறந்திட்டு இந்த நகரத்தின்ர எண்களைப் பாத்தா தலை சுத்தும். 1885-ல அலைதாங்கி கட்டி முடிச்சாப் பிறகு கப்பல் வந்து குவிஞ்சுது, 1881-ல ஒரு லட்சத்துப் பத்தாயிரம் அளவில இருந்த சனம் 1921-ல ரெண்டு லட்சத்து நாப்பத்து நாலாயிரம். ஆனா பிள்ளை பிறந்து பிறந்து பெருகினது எண்டு நினைக்காதேங்கோ. வந்தது ஆம்பிளையள். துறைமுகத்தில மூட்டை தூக்க, கரி அள்ள, கடையில நிக்க, வண்டி இழுக்க. கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, செட்டியார் தெரு, கொம்பனித்தெருப் பக்கம் ஒரு அறைக்க பத்துப் பேர், பொம்பிளை ஒண்டும் இல்லை. பெண்சாதி ஊரில, பிள்ளை பிறக்கிறதும் ஊரில. இங்க இருக்கிற குடும்பத்திலயும் தலைப்பிரசவம் எண்டா தாய் வீட்டுக்கு அனுப்பிப்போடுவினம், அது யாழ்ப்பாணமா இருக்கலாம், தூத்துக்குடியா இருக்கலாம். அப்ப கொழும்புப் பிறப்புக் கணக்கு குறைஞ்சுதான் நிக்கும். கப்பல்காரரை வேற சென்சஸில தனியா எழுதுவினம், அண்டிரவு துறைமுகத்தில எத்தினை கப்பல் நிக்குதோ அதைப் பொறுத்து தொகை.

அடுத்தது சாவு. நகரத்துக்குள்ள ஒருத்தர் செத்தா கனத்தைக்கு, அதாவது பொரளைச் சுடலைக்கு, கொண்டு போகத் துண்டு வேணும், துண்டில்லாம ஒண்டும் நடக்காது, ஆனபடியா சாவு பதிவாகும். பிள்ளை பிறந்தா? மருத்துவிச்சி வந்தா, பிள்ளை பிறந்துது, சீனி குடுத்தாச்சு, ஆருக்கு என்ன பத்திரம். இதில கணக்குப் பிழைக்கிற விதத்தைப் பாருங்கோ, சும்மா ஒரு உதாரணத்துக்குச் சொல்லுறன். நூறு பிள்ளை பிறந்தது, எண்பதுதான் பதிஞ்சது, ஒரு வயசுக்குள்ள இருபது செத்தது, இருபதும் பதிஞ்சது. உண்மையில நூற்றுக்கு இருபது. ஏட்டைப் பாத்தவருக்கு எண்பதில இருபது, அதாவது நூற்றுக்கு இருபத்தைஞ்சு. பேப்பரில பிள்ளைச் சாவு கூடிப் போச்சு. அடுத்த வருஷம் கட்டாயம் எண்டு சொல்லி தொண்ணூற்றைஞ்சு பதிஞ்சா, தண்ணி சுத்தமாகேல்லை, சேரி அப்பிடியே கிடக்கு, ஆனா சாவு குறைஞ்சு போச்சு எண்டு அறிக்கை எழுதலாம்!

இப்ப கொழும்புப் பிறப்புக் கணக்கு தலைகீழ், கூடித்தான் நிக்கும். டி சொய்சா மகப்பேற்று ஆசுபத்திரி 1879-ல தொடங்கினது, பிறகு காசல் வீதி ஆசுபத்திரி வந்தது, பிறகு பிரைவேட். பதிவு செய்யிறது வீடு இருக்கிற இடத்தில இல்லை, பிறந்த இடத்தில. களுத்துறைத் தாய் இங்க வந்து பெத்த பிள்ளையும் ஏட்டில கொழும்புப் பிள்ளை.

சரி, பொன்னம்பலம் அருணாசலம். எங்கட ஆக்கள் அவரை அரசியல்வாதியாத்தான் ஞாபகம் வச்சிருக்கினம். 1853-ல கொழும்பிலயே பிறந்த மனுசன், பதிவாளர் நாயகமா இருந்தவர், 1901 சென்சஸுக்குப் பொறுப்பா இருந்தவரும் அவர்தான். 35 லட்சத்து 65 ஆயிரத்துச் சொச்சம் சனத்தை எண்ணின கணக்கு ஒரு கொழும்புத் தமிழன்ர கையால வந்தது. அந்தக் கணக்கில தமிழர் எண்டு ஒரு கொலம், அதாவது ஒரு நிரல்தான். பத்து வருஷம் கழிச்சு 1911-ல அது ரெண்டாகுது, இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர். மலையகத் தேயிலைத் தோட்டத்தில இதைப் பிரிக்கிறது சுகம். கொழும்பில எப்பிடி? செட்டியார் தெருவில மூண்டு தலைமுறையா நகைக்கடை வச்சிருக்கிறவர் எது? துறைமுகத்தில வேலை செய்யிற அப்பனுக்கு ஜிந்துப்பிட்டியில பிறந்த மகன் எது? கதவடியில நிண்டு கேட்ட எண்ணுகாரர் என்ன நினைச்சாரோ அது.

இப்ப போமில இருக்கிற அந்தப் பூட்டன் கூட்டுக்கு வாறன். 1948 குடியுரிமைச் சட்டத்துக்கும் சென்சஸ் கொலத்துக்கும் சட்டப்படி நேரடித் தொடர்பு இல்லை, இரண்டையும் குழப்ப வேண்டாம். சட்டம் சொன்னது, நீ இங்க பிறந்திருந்தாலும் காணாது, உன்ர தகப்பன் இலங்கையில பிறந்திருக்கோணும், இல்லாட்டிப் பாட்டனும் பூட்டனும் ரெண்டு பேரும் இலங்கையில பிறந்திருக்கோணும். போமில பூட்டன் வந்த வழி இதுதான். ஒரு 1915-ல பிறந்த ஆளை எடுங்கோ, தகப்பன் 1885 போல பிறந்திருப்பார், அப்ப பதிவு கட்டாயமில்லை. பாட்டன் 1860 போல, அப்ப இந்தப் பதிவே இல்லை. பூட்டன்ர கதையச் சொல்லவே வேணாம். பத்திரம் எண்ட ஒண்டு வர முதல் பிறந்த மனுசனுக்குப் பத்திரம் கொண்டு வா எண்டு கேட்டா எங்க போறது? மலையகத்திலயும் கொழும்பில தொழிலாளர் இருந்த லயங்களிலயும் ஏழு லட்சம் அளவில சனம் நாடில்லாமப் போச்சு. 1964-ல இந்தியாவோட செய்த ஒப்பந்தத்தில அஞ்சேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூண்டு லட்சம் இங்க எண்டு பங்கு பிரிச்சினம். மிச்சச் சனத்துக்கு 2003-ல சட்டம் வரும்வரைக்கும் இழுபட்டுது. அந்தக் கூட்டை நான் ஆயிரக்கணக்கில மொழிபெயர்த்திருக்கிறன், அரைவாசிக்கு மேல ஒரு கோடு மட்டும் போட்டிருக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் இங்கிலீசில நானும் ஒரு கோடு.

கொழும்பில இன்னொரு கரைச்சல் எழுத்து. பதிவுகாரர் சிங்களத்தில எழுதுவார், சிங்களத்தில ழகரம் இல்லை. யாழினி யாலினி ஆகும். பத்திரத்தில என்ன இருக்கோ அதைத்தான் நான் எழுதலாம், தகப்பன் வந்து முன்னால இருந்து சண்டை பிடிப்பார், நான் என்ன செய்ய.

என்ர அம்மாவின்ர கதையோட நிப்பாட்டுறன், தேத்தண்ணி ஆறுது. அம்மா கொட்டாஞ்சேனையில பிறந்தவ. அவவின்ர சாதக ஓலையில பிரமோதூத வருஷம் ஆவணி 9 எண்டு நாழிகை விநாழிகையோட கிடக்கு, அது 1930 ஓகஸ்ட் கடைசி. அரசாங்கப் பத்திரத்தில செப்டம்பர் 2. மாமா போய்ச் சொன்னவர், அவருக்கு ஞாபகம் வந்த நாள் அது. பிறந்து 31 நாள் கழிச்சுத்தானே பேர் வைக்கிறது, மாமா அதுக்கு முந்தியே போயிட்டார், ஆனபடியா பேர்க் கூட்டில ஒண்டும் இல்லை, ஆண் பெண் எண்ட இடத்தில பெண் எண்டு மட்டும் இருக்கு. அம்மா தன்ர கடைசிக் காலத்தில கனடாவுக்குத் தம்பியிட்டப் போகேக்க அந்தப் பத்திரத்தை நான்தான் மொழிபெயர்க்கோணும். சொந்தத் தாயின்ர பேருக்கு நேர ஒரு கோடு போட்டு, கீழ சீல் குத்தி, உண்மைப் பிரதி எண்டு கையெழுத்து வச்சனான். பிறகு பேரைச் சேர்க்க அலைஞ்ச அலைச்சலை இன்னொரு நாளைக்குச் சொல்லுறன்.

அந்தப் பத்திரமும் ஓலையும் இந்த மேசையில இருக்கு. கையத் துடைச்சுப்போட்டு வந்து பாருங்கோ, ஓலையை மட்டும் வளைக்க வேண்டாம்.