சித்திரை மாதத்து வீட்டுப்பள்ளி

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் இரண்டு பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் தாய் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். வீட்டுக்கல்வி நல்லதா, கெட்டதா என்ற விவாதத்துக்குள் இன்று நான் போகப்போவதில்லை. அது எங்கள் உறவினர் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும் பந்தியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. அப்படிச் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் எங்களைப் போன்ற குடும்பங்கள் இருக்கின்றன. நான் பேச விரும்புவது ஆண்டின் ஒரு பருவத்தைப் பற்றி: மதுரையில் பங்குனி முடிந்து, சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறி, வைகாசி முகூர்த்தங்கள் ஓயும் வரை நீளும் அந்தப் பருவம்.

மற்ற வீடுகளில் அது விடுமுறைக் காலம். எங்கள் வீட்டில் அதுதான் தேர்வுக் காலம். என் மகள் என்.ஐ.ஓ.எஸ். என்று எல்லோரும் சொல்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதுகிறாள். அதன் பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–நவம்பர் மாதங்களிலும் நடக்கிறது. நாடு முழுவதும் எத்தனையோ பாடங்களுக்குத் தேர்வு வைக்க வேண்டியிருப்பதால் அட்டவணை வாரக்கணக்கில் நீள்கிறது. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவில் சில சமயம் பத்து நாள்கூட இடைவெளி விழும். அந்த இடைவெளிகளில்தான் திருக்கல்யாணம் வரும், தேரோட்டம் வரும், மதுரைக்கு வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை வரும், அழகர் வைகை ஆற்றில் இறங்குவார். அழகர் இறங்கும் நாளுக்கு எங்கள் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு. தேர்வு அட்டவணைக்கோ வைகை எங்கே ஓடுகிறது என்று தெரியாது.

பெரும்பாலான தாள்கள் பிற்பகல் 2.30 மணிக்குத் தொடங்குகின்றன. விருந்தாளிகள் வந்திருக்கும் வீட்டில் பிற்பகல் ஒரு மணி என்றால் என்ன நேரம் என்பது கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ரசம் கொதித்துக்கொண்டிருக்கும், முதல் பந்திக்கு இலை போட்டாயிற்றா என்று கூடத்திலிருந்து குரல் வரும், மாடியில் காயும் கூழ்வடகத்தைத் திருப்பிப்போட யாராவது போக வேண்டும், அதே வேளையில் ஹால் டிக்கெட், அடையாள அட்டை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டு மகளோடு கத்திரி வெயிலில் தேர்வு மையத்துக்குக் கிளம்ப வேண்டும்.

ஆனால் இந்தப் பருவத்தின் உண்மையான சுமை வேலையின் அளவில் இல்லை என்பது என் கருத்து. எத்தனை பேருக்கும் சமைக்கலாம். ஓய்வு கிடைக்கவில்லை என்றாலும் சமாளிக்கலாம். சுமை, "நீ வீட்டில்தானே இருக்கிறாய்" என்ற ஒற்றை வாக்கியத்தில் இருக்கிறது. அலுவலகம் போகும் என் மதினியிடம் யாரும் காலை பத்து மணிக்கு ரயில் நிலையத்துக்கு வந்து அழைத்துப்போகச் சொல்வதில்லை. பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் சித்தி மகளிடம் வகுப்பு நேரத்தில் பட்டுப்புடவை எடுக்கக் கடைக்கு வரச் சொல்வதில்லை. காலை பத்து மணிக்கு என் மகனுக்கு நான் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும் யாருக்கும் வேலையாகத் தோன்றுவதில்லை; ஏனென்றால் அதற்கு மணி அடிப்பதில்லை, சம்பளம் இல்லை, நான் நைட்டியில் இருக்கிறேன். யாருடைய பிள்ளைக்கும் விடுமுறையில் ஓர் ஆள் தேவைப்பட்டால் அந்த ஆள் நானாகிவிடுகிறேன். அண்ணன் பிள்ளைகள், நாத்தனார் பிள்ளைகள் எல்லோரும் வந்து இறங்குகிறார்கள். அவர்கள் வருவதில் எனக்கு வருத்தமில்லை. என் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்காத கூட்டம் அப்போதுதான் கிடைக்கிறது. என்னைக் கேட்காமலே என் பகல் பொழுது முழுவதும் காலியாக இருப்பதாக முடிவுசெய்து கொள்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

எனவே இந்தப் பருவத்தில் பாடத்தைக் குறைக்கலாம், பாடவேளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். மகனுக்குச் சித்திரை முழுவதும் இரண்டே பாடங்கள்தான்: தமிழில் வாய்விட்டு வாசிப்பதும், கணக்கும். அறிவியல், ஆங்கில இலக்கணம், மற்றவை எல்லாம் ஆனிக்குப் போய்விடும். ஆனால் காலை ஏழு மணி முதல் எட்டரை மணி வரை நான் பின்கட்டு அறையில் உட்கார்ந்துவிட்டேன் என்றால் வீட்டில் யார் இருந்தாலும் காபி போடுவது என் கணவரின் பொறுப்பு. மாமியாரை நான் அத்தை என்றுதான் அழைப்பேன். முதல் ஆண்டு அத்தைக்கு இது பிடிக்கவில்லை. விருந்தாளிகளின் முன்னால் தன் மகன் அடுப்படியில் நிற்பது அவருக்கு உறுத்தலாக இருந்தது. இப்போது ஊரிலிருந்து வருகிறவர்களிடம், "அவள் எட்டரைக்கு வருவாள், அதுவரை கூப்பிடாதீர்கள்" என்று அவரே சொல்கிறார். நான் சொல்வதைவிட அவர் சொல்வதற்குத்தான் எங்கள் குடும்பத்தில் எடை அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த இடத்தில் வீட்டுக்கல்விக் குடும்பங்களோடு எனக்கு ஒரு சிறு பிணக்கு உண்டு. வேலை மிகுந்த காலத்தில் பாடம் நடக்கவில்லை என்றால், வடகம் பிழிந்ததே கணக்கு, மாவடு ஊறப்போட்டதே வேதியியல் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். உப்பும் காரமும் எந்த அளவில் சேர்கின்றன என்று பிள்ளையோடு உட்கார்ந்து அளந்து, அடுத்த முறை அளவை இரட்டித்து, கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தால் அது கணக்குதான். பிள்ளை மாடியில் காக்கை விரட்டிக்கொண்டிருந்தால், அது காக்கை விரட்டுவது மட்டுமே. அதிலும் இழிவு ஒன்றுமில்லை, வீட்டு வேலையில் பங்கெடுக்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் குழப்பிக்கொண்டால் எது நடந்தது, எது நடக்கவில்லை என்ற நினைவே நமக்குத் தப்பிவிடுகிறது.

திருவிழாவோ உண்மையிலேயே பாடமாக விரிகிறது, ஆனால் அதற்கும் தாய் முன்கூட்டி உழைத்திருக்க வேண்டும். மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு இணைத்தவர் திருமலை நாயக்கர் என்று மதுரையில் சொல்வார்கள். அழகர் அதற்கு முன்பு தேனூரில்தான் வைகையில் இறங்கினார் என்பதும் வழங்கிவரும் செய்தி. இரண்டு ஊர்களின் விழாக்களை ஓர் அரசர் ஏன் ஒன்றாக்க வேண்டும் என்ற கேள்வியைப் பங்குனியிலேயே என் மகளிடம் போட்டுவிட்டேன். அறுவடை முடிந்து மக்கள் கையில் ஓய்வும் காசும் இருக்கும் மாதம் எது, தேர் இழுக்க ஆள் எங்கிருந்து வந்திருக்கும் என்றெல்லாம் அவளாகவே விசாரிக்கத் தொடங்கினாள். திருவிழாவுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த கிராமத்துத் தாத்தா ஒருவரை அவள் கேள்விகளால் குடைந்ததில், அவர் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு, தோல் பையான துருத்தியிலிருந்து அழகர் மேல் தண்ணீர் பீய்ச்ச விரதம் இருக்கும் முறையை நள்ளிரவு வரை விளக்கிக்கொண்டிருந்தார்.

தேர்வைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். திறந்தநிலைப் பள்ளியில் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. தேறிய பாடத்தின் மதிப்பெண் கணக்கில் நிற்கும், மீண்டும் எழுத வேண்டியதில்லை. ஆகவே ஐந்து பாடங்களையும் ஒரே சித்திரையில் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. இந்த முறை மகள் தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகிய மூன்றை மட்டும் எழுதுகிறாள். மீதி இரண்டு என்னவாயிற்று, தோற்றுவிட்டாளா என்று வைகாசிக் கல்யாணங்களில் கேட்பார்கள். பதில் சொல்லும் பொறுப்பை அவளிடமே விட்டிருக்கிறேன். ஓவியத்தையும் மனையியலையும் ஐப்பசித் தேர்வுக்கு வைத்திருக்கிறோம். அப்போது தீபாவளி வரும், மழையும் வரும், பலகாரம் சுட ஆள் கேட்டு மீண்டும் என் பெயரைத்தான் சொல்வார்கள் என்பதால், உட்கார்ந்து உருப்போட வேண்டியது குறைவாக உள்ள பாடங்களாகப் பார்த்து அவளே தேர்ந்தெடுத்தாள். நன்றி, வணக்கம்.