எலி பார்க்கும் பஞ்சாங்கம்

எல்லாருக்கும் வணக்கம். எலியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்பதுதான். நல்லவேளை, இங்கே பலகாரத்தை முதலிலேயே கொடுத்துவிட்டார்கள்.

ஒரு பழைய வழக்கை முதலில் தீர்த்துவிடுகிறேன். மூஞ்சூறு எலி இல்லை. அது பூச்சி தின்னும் சாதி. கொறிக்கிற சாதியே வேறு. நம் சிங்கப்பூர் சிலோன் சாலையில் இருக்கும் செண்பக விநாயகர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். இன்றைய பேச்சில் அவர் வாகனத்துக்கு இடமில்லை.

போன டிசம்பரில் ஒரு வாரம் விடாமல் மழை. எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில், பேத்தி வளர்க்கும் செல்ல எலியான ஹாம்ஸ்டரின் கூண்டு இருக்கிறது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தா, டிசம்பர் வந்தது இதுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். முப்பது வருஷம் உயிரியல் பாடம் நடத்தியிருக்கிறேன். அப்படி ஒரு கேள்வியை எந்த மாணவரும் கேட்டதில்லை.

எலிக்கு மாதம் தெரிய வேண்டியது குட்டி போடத்தான். சின்ன எலிக்குக் குட்டியை வயிற்றில் சுமப்பது பெரிய செலவில்லை, பால் கொடுப்பதுதான் செலவு. பாலூட்டும் தாய் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தின்றாக வேண்டும். கர்ப்பமோ ஏறக்குறைய மூன்று வாரம். அதனால் சாப்பாடு கண்ணில் பட்ட பிறகு ஜோடி சேர்ந்தால் பிந்திவிடும். வரப்போவது நல்ல காலமா, பஞ்சமா என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்கு ஒரு பஞ்சாங்கம் வேண்டும்.

குளிர் நாடுகளில் அந்தப் பஞ்சாங்கம் வானத்திலேயே இருக்கிறது. இரவில் மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். இரவு நீண்டால் சுரப்பும் நீளும். எவ்வளவு நேரம் சுரந்தது என்பதை வைத்தே உடம்பு மாதத்தைக் கணக்குப் போடுகிறது. இன்று ஆய்வகங்களிலும் வீடுகளிலும் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்கள், 1930இல் சிரியாவின் அலெப்போ பக்கத்தில் தோண்டி எடுத்த ஒரே குடும்பத்தின் வாரிசுகள். அவற்றுக்குக் கோடு பன்னிரண்டரை மணி நேரம். பகல் அதற்குக் கீழே இறங்கினால் சில வாரங்களில் ஆணின் விரைகள் சுருங்கிவிடும், இனப்பெருக்கம் நின்றுவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குளிர்காலத்தை அது கழிப்பது மண்ணுக்கடியில், இருட்டு வளையில். வசந்தம் வந்ததை அங்கே யார் போய்ச் சொல்வது? யாரும் சொல்ல வேண்டாம். ஏறக்குறைய ஐந்து மாதம் ஆனதும், வெளிச்சமே படாவிட்டாலும் விரைகள் தாமாகப் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். வளையைவிட்டு வெளியே வரும்போது தயாராகவே வரும். எனக்கு இது இன்னும் ஆச்சரியம்தான்.

அதைவிட ஆச்சரியம் சைபீரியக் குள்ள ஹாம்ஸ்டர். நம் ஊர்க் கடைகளில் 'விண்டர் வைட்' என்று விற்பது இதைத்தான். பகல் பதினான்கு மணி நேரம் இருக்கும்போது ஒரு குட்டி பிறக்கிறது என்று வையுங்கள். அது வசந்தமாகவும் இருக்கலாம், கோடை முடிகிற நேரமாகவும் இருக்கலாம். இரண்டு பக்கமும் பதினான்கு மணி நேரப் பகல் வரும். வசந்தம் என்றால் சீக்கிரம் பருவமடைந்து அந்த வருஷமே குட்டி போட வேண்டும். கோடைக் கடைசி என்றால் அடுத்த வசந்தம்வரை பொறுக்க வேண்டும். நேற்றுப் பிறந்த குட்டிக்கு எப்படித் தெரியும்? தாய் சொல்லியிருக்கிறாள். அவளுடைய மெலடோனின் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகிறது. அம்மா இதைவிடக் குறைந்த பகலைப் பார்த்திருந்தால் பகல் வளர்கிறது என்று பொருள். நீண்ட பகலைப் பார்த்திருந்தால் தேய்கிறது. பிரகலாதன் கதையை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா எலியும் வானத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நீகஸ், பெர்கர் என்று இரண்டு ஆய்வாளர்கள். காட்டிலிருந்த மலை வோல்களுக்கு நடுக் குளிர்காலத்தில் முளைவிட்ட கோதுமைப் புல்லைக் கொடுத்தார்கள். வோல் என்பது குட்டை வால் வைத்த புல்வெளி எலி. குட்டி போடாத அந்தக் காலத்திலும் பெண் வோல்கள் கருத்தரித்தன. 1977இல் இதை வெளியிட்டார்கள். இளம்புல்லில் இருக்கும் ஒரு வேதிப்பொருள்தான் தூண்டுகோல் என்று 1981இல் காட்டினார்கள். புல் முற்றிக் காயும்போது அதில் சேரும் வேறு பொருள்கள் இனப்பெருக்கத்தைத் தடுக்கின்றன என்பதும் தெரிந்தது. தொடங்கு என்பதும் நிறுத்து என்பதும் ஒரே தட்டில் வருகின்றன.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் 9 நிமிடம். நம் வானத்துப் பஞ்சாங்கத்தில் எல்லாப் பக்கமும் ஒன்றுதான். ஆனால் பயிருக்கும் பழத்துக்கும் காலம் இருக்கிறதே! படம் எடுக்க மலேசியாவின் செகிஞ்சான் நெல்வயலுக்குப் போகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். இந்த வட்டாரத்து நெல்வயல் எலி, பயிர் தூர்கட்டி முடித்துக் கதிர் உருவாகும் நேரத்தில்தான் இனப்பெருக்கத்தில் இறங்குகிறது. குட்டிகள் தின்னத் தொடங்கும்போது நெல் மணி பிடித்திருக்கும்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் அப்பாவுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தெரியாது. "தொண்டைக் கதிர்லயே எலி மாசமாயிடும்டா, அதுக்கு முன்னாடி கிட்டி வை" என்பார். தொண்டைக் கதிர் என்றால் கதிர் இன்னும் தாளுக்குள்ளேயே இருக்கும் பருவம். தஞ்சாவூர்க் கிட்டியை, மூங்கிலை வளைத்துச் செய்த அந்த வில்பொறியை, வரப்பில் வைப்பது என் வேலை. பக்கத்து வயல்காரர் ஒரு மாதம் பிந்தி நட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும். பொறாமை என்று அப்போது நினைத்தேன். இன்று வேளாண் நிபுணர்கள் சொல்வதும் அதுதான்: ஒரு வட்டாரமே இரண்டு வாரத்துக்குள் நட்டு முடிக்க வேண்டும். ஆளுக்கொரு நாள் நட்டால், எலிக்குத் தொண்டைக் கதிர் எங்காவது ஒரு வயலில் இருந்துகொண்டே இருக்கும்.

பேத்திக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். நம் ஊர்ப் பகல் எந்த நாளிலும் பன்னிரண்டே கால் மணி நேரத்தைத் தொடுவதில்லை. சூரியனை மட்டும் பார்த்தால் அவளுடைய ஹாம்ஸ்டருக்கு வருஷம் முழுக்கக் குளிர்காலம். ஆனால் எங்கள் வீட்டில் குழல்விளக்கு அணைய இரவு பதினொன்றாகும். அந்தக் கணக்கில் அதற்கு அலெப்போவின் கோடை முடிவதேயில்லை. "அதுக்கு டிசம்பரே கிடையாது" என்றேன். "பாவம்" என்றாள்.

கடைசியாக ஒன்று. அந்தக் காலத்து மலாயாவில் ஹாரிசன் என்றொரு விலங்கியலாளர் காட்டெலிகளைப் பிடித்துப் பிடித்துக் கணக்கு வைத்தார். அவை கருத்தரிப்பதற்கும் நிலவொளிக்கும் தொடர்பு இருக்கிறது என்று 1952இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். பகல் மாறாத ஊரில் எலி பௌர்ணமியைப் பார்க்கிறதாம்! சிலாங்கூர் எலிகளைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை அதே வருஷம் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் வெளியீட்டில் வந்தது. அந்த அருங்காட்சியகம் இருந்த கட்டடம் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இன்னும் நிற்கிறது, குவிமாடத்தோடு. நேரமாகிவிட்டது என்று பின்னால் கை காட்டுகிறார்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள். வீட்டில் எலித் தொல்லைக்கு மருந்து மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.