வெயில் அடிச்சா விரல் தடம் வெளிய வரும் கார்! அண்ணன் கையால செஞ்ச ஃபைபர் வண்டியோட கதை

(திரையில்: சிவப்பு போனட். சாய்வா வெயில் விழுது. கேமரா மெதுவா கிட்டப் போகுது.)

ஹெட்லைட்டுக்கு நாலு விரல் மேல, முட்டை வடிவத்துல ஒரு சின்னக் குழி தெரியுதா? அது என் கட்டைவிரல். ஆனா இந்த போனட்டை நான் தொடவே இல்ல. இது பொறக்கறதுக்கு முன்னாடியே நான் அழுத்தின இடம் அது. அண்ணன் மூணு தடவை பட்டி போட்டு மூடினான், மூணு தடவையும் திரும்பி வந்துச்சு. எப்படின்னு சொல்றேன், ஸ்கிப் பண்ணிடாதீங்க.

முதல்ல வரலாறு. ஒரே மூச்சுல முடிச்சிடறேன். 1953-ல செவர்லே கார்வெட் ஃபைபர்கிளாஸ் பாடியோட வந்துச்சு, அந்த வருஷம் செஞ்சதே 300 கார்தான். 1964-ல கலிஃபோர்னியாவுல படகு கட்டிட்டிருந்த புரூஸ் மேயர்ஸ், படகு செய்யற அதே முறையில ஒரு மணல்வண்டி செஞ்சார். அதுதான் மேயர்ஸ் மாங்க்ஸ். அப்புறம் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரோட சேஸிஸை, அதாவது அடித்தளத்தை, சுமார் 36 சென்டிமீட்டர் வெட்டிக் குறைச்சு, அது மேல உட்கார்ற மாதிரி பாடி வித்தார். பீட்டில்ல போல்ட்டைக் கழட்டினா பாடி தனியா வந்துடும், அடித்தளம் எஞ்சினோட அப்படியே நிக்கும். உலகம் முழுக்க வீட்டுல கார் செஞ்சவங்க பீட்டிலைத் தேடிப் போனது அதனாலதான். மேயர்ஸோட காப்புரிமை கோர்ட்டுல நிக்கல, ஆளாளுக்குக் காப்பி அடிச்சாங்க. வரலாறு அவ்ளோதான்.

அண்ணனுக்கும் மேல்பாகம் துருப்பிடிச்ச ஒரு பீட்டில்தான் கிடைச்சது. இனிமேதான் எனக்குப் பிடிச்ச பகுதி.

ஃபைபர்ல காரைத் தலைகீழா செய்யணும். முதல்ல பிளைவுட், களிமண், பட்டி எல்லாம் வச்சு பொம்மைக் கார் போல ஒரு மாடல். அதை உப்புத்தாள் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சு, மெழுகு பூசி, அது மேல அச்சு எடுக்கணும். அந்த அச்சுக்கு உள்ளேதான் கார் வளரும். அச்சுக்குள்ள முதல்ல எதைப் பூசுவாங்க தெரியுமா? கலரை! ஜெல்கோட்னு பேரு. நாம வெளிய பார்க்கற பளபளப்புதான் முதல்ல போறது. அதுக்குப் பின்னாடி ரெசின்ங்கிற திரவப் பிசின், கண்ணாடி இழை விரிப்பு (மேட்), மறுபடி ரெசின். கண்ணாடிக்குப் பின்பக்கமா ஓவியம் வரையறவங்க கண்ணையும் நகையையும் முதல்ல போட்டுட்டு, பின்னணியைக் கடைசியில பூசுவாங்கல்ல? அச்சு அசல் அதே கதை. ரெண்டுலயுமே முதல்ல செஞ்ச தப்பைக் கடைசியில திருத்த முடியாது.

அச்சு எதையும் விடாது. ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் எடுத்துக்கும். பட்டி காயலைன்னு தெரியாம அந்த மாடல் மேல நான் கட்டைவிரலை வச்சேன். அண்ணனும் கவனிக்கல. அச்சுல அது மேடாச்சு, காருல குழியாச்சு, ரேகைக் கோடு உட்பட! "டேய், கையை வெட்டிடுவேன்"னான். அதுக்கப்புறம் ஒரு வாரம் நான் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுத்தான் ஷெட்டுக்குள்ள போனேன்.

இன்னொரு சம்பவம். ரெசினை இறுக வைக்கற ஹார்டனர் நூத்துக்கு ஒண்ணு, ரெண்டு பங்குதான் சேர்க்கணும். அண்ணன் அவசரத்துல கண்ணளவுல ஊத்திட்டான். ரெசின் இறுகும்போது சூட்டைக் கக்கும். மெல்லிசா பூசியிருந்தா சூடு வெளிய போயிடும், பக்கெட்டுல குவிஞ்சு கிடந்தா எங்க போகும்? புகை வந்துச்சு, பக்கெட் இளகி ஒரு பக்கமா சாஞ்சுது. ரெண்டு பேரும் வெளிய ஓடினோம். வீட்டுல முயற்சி பண்ணப் போறவங்க தயவுசெஞ்சு திறந்த இடத்துல, முகமூடி போட்டு, கொஞ்சம் கொஞ்சமா கலந்துக்குங்க.

அரிப்பைச் சொல்லாம விட்டா அம்மா கோவிச்சுக்குவாங்க. தேய்க்கும்போது பறக்கற கண்ணாடித்தூள் துணியில ஏறிடும். அண்ணன் சட்டையை எங்க துணியோட சேர்த்து ஊறப் போட்டாச்சு. அப்புறம் அப்பா உட்பட வீடே சொறிஞ்சுது.

சரி, குழி ஏன் திரும்பி வந்துச்சு? இந்த ரெசின் ஒரே நாள்ல இறுகி முடியறதில்ல. மாசக்கணக்குல மெல்ல மெல்ல சுருங்கிட்டே இருக்கும். கார் பட்டியும் அதே சாதிதான். வெயில்ல போனட் சூடாக ஆக, மிச்சம் மீதியும் இறுகும். பட்டி தடிமனா இருக்கற இடம் சுத்தியிருக்கறதைவிட அதிகமா அமுங்கும். நம்ம குழி எட்டிப் பார்த்துடும்! இது எனக்குத் தெரிஞ்ச அன்னிக்கு, என்னமோ ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு.

கார் ஓடுச்சா? ஓடுச்சு. கதவு மட்டும் கடைசி வரை கயிறு கட்டித்தான் மூடினோம். அப்புறம் அடியில இருந்த இரும்புத்தளம் துருவில ஓட்டையாச்சு, வண்டியைப் பிரிச்சோம். ஃபைபர் துருப்பிடிக்காதே, அதனால போனட் மட்டும் ஷெட் சுவத்துல தொங்குது.

இந்த வீடியோவை எடிட் பண்ணி முதல்ல அண்ணனுக்குத்தான் அனுப்பினேன். உடனே போன் அடிச்சான். "அது உன் விரல் இல்லடா, என்னோடது. உன்னைத் திட்டிட்டேன், அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்"ங்கிறான். மூணு தடவை பட்டி போட்டதுல கோடெல்லாம் மறைஞ்சு வெறும் குழிதான் மிச்சம். நீங்களே போனட்டைப் பார்த்துட்டு, யார் விரல்னு கமென்ட்ல சொல்லுங்க.