மூன்றாம் சரணத்தை விடாதீர்கள்

(கிறிஸ்துமஸ் கீத ஆராதனை முடிந்து ஆலய வளாகத்தில் பேசியது. கேட்டவர்கள் விரும்பியதால் எழுதித் தருகிறேன்.)

தலைமை தாங்கும் சேகரத் தலைவர் ஐயா அவர்களே, ஐயாவின் துணைவியார் அம்மா அவர்களே, இந்த மழையிலும் நம் அழைப்பை மதித்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, நம் பிள்ளைகளை உருவாக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இரண்டு மணி நேரமாக நின்றுகொண்டே பாடிய பாடகர் குழுவினரே, அடுப்படியிலிருந்து இன்னும் வெளியே வராத பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மாரே, வாலிபர் சங்கத் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தலைவர் அம்மா போன வருஷமும் வந்தார்கள். பிற சமயத்தவர் நம் பண்டிகையை இப்படிக் கனப்படுத்துவது இந்த ஊருக்கே பெருமை. அதை மேடையிலேயே சொல்லவேண்டும் என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

சற்றுமுன் கடைசியாக ‘ஜாய் டு த வேர்ல்ட்’ என்ற இங்கிலீஷ் கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடினோம். அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது, அது என்ன சொல்கிறது, அதை வருஷத்தில் எப்போது பாடவேண்டும், இந்த மூன்றையும்தான் பேசப்போகிறேன். மூன்றுக்கும் ஒரே பழமொழி போதும்: முள்ளை முள்ளால்தான் எடுக்கவேண்டும்.

எழுதியவர் ஐசக் வாட்ஸ், 1674இல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் ஊரில் பிறந்தவர். அரசாங்கத் திருச்சபையோடு ஒத்துப்போகாததால் அவருடைய அப்பா சிறைக்குப் போனார். அம்மா கைக்குழந்தையோடு சிறை வாசலில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பால் கொடுத்தார் என்று இன்றும் சொல்லுவார்கள். வாலிபனான பிறகு வாட்ஸ், ஆலயத்தில் பாடுகிற சங்கீதங்கள், அதாவது வேதாகமத்திலுள்ள துதிப்பாட்டுகள், உயிரில்லாமல் இருக்கின்றன என்று வீட்டில் குறைப்பட, அப்பா “அப்படியானால் நீயே நல்லதாக எழுது” என்றாராம். எழுதினார், ஆயுள் முழுக்க எழுதினார். 1719இல் சங்கீதங்களைக் கிறிஸ்துவின் வெளிச்சத்தில் புதிதாகப் பாட்டாக்கி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் 98ஆம் சங்கீதத்துக்கு எழுதியதுதான் இந்தப் பாட்டு. இப்போதுள்ள ராகத்தை நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, 1830களில், அமெரிக்காவில் லோவல் மேசன் அமைத்தார். ராகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

இப்போது கவனியுங்கள். இந்தப் பாட்டில் பெத்லகேம் இல்லை, மாட்டுத்தொழுவம் இல்லை, மேய்ப்பர்கள் இல்லை, நட்சத்திரம் இல்லை, மரியாளும் இல்லை. வாட்ஸ் இதைக் கிறிஸ்துமஸுக்கென்று எழுதவே இல்லை. மேசியாவின், அதாவது கிறிஸ்துவின், வருகையும் ராஜ்யமும் என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். 98ஆம் சங்கீதத்தில் கடல் முழங்குகிறது, ஆறுகள் கைகொட்டுகின்றன, மலைகள் பாடுகின்றன, காரணம், கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார். மனுஷன் மட்டுமல்ல, மண்ணும் தண்ணீரும் சந்தோஷப்படுகிற வருகை அது. முதல் இரண்டு சரணம் இதைத்தான் சொல்கிறது.

மூன்றாம் சரணத்தில் வாட்ஸ் சங்கீதத்தை விட்டு வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்துக்குத் தாவுகிறார். ஆதாம் பாவம் செய்தபோது மண்ணுக்குச் சாபம் வந்தது, “முள்ளும் குருக்கும்” முளைக்கும் என்று மூன்றாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த முள் இனி நிலத்தைப் பிடிக்கவேண்டாம், சாபம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறதோ அவ்வளவு தூரமும் ஆசீர்வாதம் பாயட்டும் என்பதுதான் அந்தச் சரணம். பாட்டின் இருதயமே அங்கேதான் இருக்கிறது. ஆனால் பல பாட்டுப் புத்தகங்களில் அந்தச் சரணமே கிடையாது. இருக்கிற புத்தகத்தை வைத்திருப்பவர்களும் நேரமில்லை என்று ஒன்று, இரண்டு, நான்கு என்று பாடிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். இன்றைக்கும் அப்படித்தான் பாடினோம்.

இந்தச் சரணத்தை எனக்கு விளக்கியது வேதாகமக் கல்லூரியில் படித்தவர் யாரும் இல்லை, கண்மாய்க்கரை வீட்டு அப்பத்தா ஒருவர். நான் வாலிபர் சங்கத்தில் இருந்த காலம். வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கீத பவனி, நடுச்சாமம், பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்றுதான். டிரம் அடிக்கிற பையன் எல்லாருக்கும் முன்னால் போய் நிற்கவேண்டும் என்று கண்மாய்க்கரை வழியாகக் குறுக்கே ஓடினான், ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு கருவேல முள் பாதத்தில் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. அவன் போட்ட சத்தத்தில் ஊர் நாய் அத்தனையும் கூடிவிட்டன. ஒருவன் சைக்கிளைக் கொண்டுவா என்கிறான், ஒருவன் ஆஸ்பத்திரி என்கிறான், நட்சத்திரம் தூக்கி வந்தவன் நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு அழுகிறான். அப்பத்தா வெளியே வந்தார். அவர் கிறிஸ்தவர் இல்லை, ஆனாலும் வருஷாவருஷம் எங்களைக் கூப்பிட்டு முறுக்குக் கொடுத்து அனுப்புவார். “எதுக்குடா இந்தக் கூப்பாடு, லைட்ட இங்க காட்டுங்க” என்று அவனைத் திண்ணையில் உட்காரவைத்து, வேலியிலிருந்து நீளமான முள் ஒன்றை ஒடித்து, பாதத்தைக் கீறி, உள்ளே இருந்ததை நெம்பி வெளியே எடுத்துப்போட்டார். “முள்ள முள்ளாலதான்டா எடுக்கணும்.” அப்புறம் விளக்கெண்ணெயைச் சூடு காட்டித் தடவிவிட்டு, சரி பாடுங்க என்றார். பாடினோம். இங்கிலீஷ் பாட்டுக்கு என்னடா அர்த்தம் என்று கேட்டார். எங்கள் தலைவர் அண்ணன் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு சரணமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முள் வந்த இடத்தில் அப்பத்தா நிறுத்தினார். “இத ஏன்டா பாடாம விட்டீங்க? எங்களுக்கு வேண்டியதே இதுதானடா!” என்றார். அந்த இரவில் மூன்றாம் சரணத்தை மட்டும் தனியாக, திரும்பத் திரும்பப் பாடினோம்.

அந்தப் பழமொழிக்குள் சுவிசேஷம் இருக்கிறது, சபையாரே. சாபத்தில் முளைத்த முள்ளைப் போர்ச்சேவகர் முடியாகப் பின்னி இயேசுவின் தலையில் வைத்தார்கள். அவர் நமக்காகச் சாபமானார் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். தொழுவத்தில் பிறந்த பிள்ளை எதற்குப் பிறந்தார் என்றால், அந்த முள்ளைச் சுமக்கத்தான். முள்ளை முள்ளால்தான் எடுத்தார்.

அப்படியென்றால் நம் கண்மாயைப் பாருங்கள். சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம். 1870களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், அப்புறம் விறகுக்கு ஆகும் என்று பரப்பினார்கள். ஆடு மாடு காயைத் தின்று சாணியில் விதையைப் போட, கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்கால், மடை, தண்ணீர் தேங்குகிற உள்வாய் எங்கும் அடைத்துவிட்டது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நம் சபையிலேயே உண்டு, அவர்கள் பிழைப்பில் மண் போட நான் சொல்லவில்லை. வெட்டுவதை அவர்களே வெட்டட்டும். ஆனால் தண்டை மட்டும் வெட்டித் தூரை விட்டால் அடுத்த மழைக்கே துளிர்க்கும், முன்னைவிட அடர்த்தியாக. சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவிக்கிறது என்று ரோமர் நிருபத்தில் வாசித்துவிட்டு ஆமென் சொல்கிற நாம், நம் கண் எதிரே தவிக்கிற கண்மாயைப் பார்க்காமல் போகக்கூடாது.

தலைவர் அம்மா அவர்களிடம் சபையின் சார்பில் பணிவாகக் கேட்கிறேன். இந்த முறை கண்மாய் மரத்தை ஏலம் விடும்போது, வேரோடு தூர் எடுத்துக் கொடுத்தால்தான் முன்பணம் திரும்பும் என்று நிபந்தனையில் எழுதச் செய்யுங்கள். நாட்டுக் கருவேலத்தைத் தொடக்கூடாது என்பதையும் சேர்க்கவேண்டும், அது நம் மண்ணின் மரம். நன்செய்ப் பக்கத்து வரத்துக்காலை மட்டும் வாலிபர் சங்கம் ஏற்றுக்கொள்கிறது. முறையான அனுமதி கிடைத்ததும் பொங்கல் விடுமுறையில் கடப்பாரை, மண்வெட்டியோடு இறங்குகிறோம், தலைமையாசிரியர் ஐயா பெரிய வகுப்புப் பிள்ளைகளை அனுப்பச் சம்மதித்திருக்கிறார்கள்.

பாட்டை எப்போது பாடவேண்டும் என்பதையும் பேசுவதாகச் சொன்னேன், நேரமாகிவிட்டது. அதைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலப் பிரசங்கத்தில் சேகரத் தலைவர் ஐயா அவர்கள் சொல்லுவார்கள். வரத்துக்கால் வேலைக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் வாசலில் மேசை போட்டிருக்கும் செயலாளரிடம் கொடுங்கள். பாடகர் குழு மூன்றாம் சரணத்தை அச்சடித்து வைத்திருக்கிறது, ஆளுக்கொரு தாள் வாங்கிக்கொண்டு சாப்பிடப் போங்கள்.